நீயெல்லாம் ஒரு ஆளா

ஒருவன் தனியாகப் பாடினால் அரசாங்கத்துக்கு அதில் ஆட்சேபனை எதுவும் இல்லை. குளியலறையில் பாடலாம், மேடையில் பாடலாம், ஊரே காதைப் பொத்திக்கொள்ளும்படி பாடலாம். இரண்டு பேர் சேர்ந்து பாட ஆசைப்பட்டால்தான் தொல்லை. சேர்ந்தவர்கள் என்றைக்காவது பிரிவார்கள், பிரிந்தால் பாட்டு யாருடையது என்று அடித்துக்கொள்வார்கள், அந்த அடிதடி நீதிமன்றத்துக்கு வந்து நீதிபதிகளின் தூக்கத்தைக் கெடுக்கும் என்று யாரோ ஒரு புண்ணியவான் முன்கூட்டியே யோசித்து இணைக்குரல் வாரியத்தை ஆரம்பித்து வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அந்த வாரியத்தின் முத்திரை இல்லாமல் இரண்டு குரல்களை எந்த ஒலிப்பதிவுக் கூடமும் பதிவு செய்யாது. செய்தால் கூடத்துக்குப் பூட்டு.

இந்த விவரமெல்லாம் பம்பரத்துக்குத் தெரியாது. அவன் லிஃப்ட் மெக்கானிக். நின்ற இடத்தில் கால் நிற்காது, ஆரம்பித்தால் நாக்கும் நிற்காது என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ராப் பாடுவதில் அவனுடைய கூட்டாளி கரடு, அவன் மனைவிக்குக் கூடப்பிறந்த அண்ணன். டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். பழகுகிறவர்களுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு வருஷக்கணக்காக உயிர்ப் பயத்தில் ‘பிரேக், பிரேக்’ என்று அலறியதில் அவன் தொண்டைக்கு ஒரு கரகரப்பு வந்திருந்தது. சரளைக் கல்லில் தகர டின்னை இழுத்துக்கொண்டு போகிற மாதிரி இருக்கும். ராப் பாடுகிறவர்கள் அப்படியொரு குரலுக்குத் தவம் கிடப்பார்கள். கரடுக்கு அது வேலை நேரத்தில் இலவசமாகக் கிடைத்தது.

ராப்பில் ஒருவரை ஒருவர் ஏசிப் பாடுவது வழக்கம்தான். எவ்வளவு கேவலமாக ஏசுகிறோமோ அவ்வளவு மரியாதை. மச்சானும் மாப்பிள்ளையும் அதில் தங்களுக்கென்று ஒரு முறை வைத்திருந்தார்கள். ஏசுகிறவன் கடைசி வார்த்தைக்கு முன்னால் நிறுத்திவிடுவான். ஏச்சு வாங்குகிறவனே அந்த வார்த்தையைப் போட்டு அடியை முடித்துக் கொடுக்க வேண்டும். தன் முதுகில் விழப்போகிற அடிக்குத் தானே கம்பு எடுத்துக் கொடுப்பதுபோலத்தான். பெட்ரோல் பங்க் திறப்பு விழாக்களில் அதற்கு விசில் பறக்கும். இந்த முறையில் ஒரு முழு ஆல்பம் எழுதி, ‘நீயெல்லாம் ஒரு ஆளா’ என்று பெயரும் வைத்துவிட்டார்கள். முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை ஒரே சண்டை. பதிவு செய்வதுதான் பாக்கி, அதற்கென்ன அவசரம் என்று இருந்தார்கள்.

அவசரம் டாக்டர் ரூபத்தில் வந்தது. கரடின் தொண்டையில் கட்டி. எடுத்தே தீர வேண்டும், எடுத்த பிறகு பேச்சு ஏதோ வரும், ஆனால் இந்தக் குரல் வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கரடு சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டான். பம்பரம்தான் ஆஸ்பத்திரி வராந்தாவில் மேலும் கீழும் நடந்து, தண்ணீர்க் குழாயைத் திறந்து மூடி, நர்ஸிடம் திட்டு வாங்கினான். அவனுக்கு அழுகை வந்தது. மச்சான் பிழைத்துக்கொள்வான் என்று தெரிந்தும் வந்தது.

அவன் மனைவி இருவரையும் உட்கார வைத்து ஒரே ஒரு சலுகை கொடுத்தாள்.

“இந்த மாசம் முடியற வரைக்கும்தான். அதுக்குள்ள பாடி முடிச்சிடுங்க. அதுக்கு மேலயும் எங்கண்ணன் தொண்டையை வச்சு விளையாடினீங்கன்னா, உங்க தொண்டையில நான் கை வைக்க வேண்டியிருக்கும்.”

போனில் பதிவு செய்து பார்க்காமல் இல்லை. கரடின் குரலில் இருந்த அடிக் கரகரப்பைப் போன் அப்படியே விழுங்கிவிட்டது. மிச்சமிருந்தது வாளிக்குள் தலையை விட்டுக்கொண்டு ஒருவன் புகார் சொல்வதுபோல் கேட்டது. ஒலிப்பதிவுக் கூடத்துக்காரரிடம் ஓடினார்கள். அவர் இருக்கையை விட்டு எழாமலே, வாரிய முத்திரை எங்கே என்று கேட்டார்.

வாரியக் கட்டடத்தின் நுழைவாயிலில் ‘சேர்ந்து பாடுவோம், சிறந்து வாழ்வோம்’ என்று பெரிய படம் மாட்டியிருந்தது. படத்தில் ஒரே ஒரு ஆள் பாடிக்கொண்டிருந்தார். இரண்டு பேர் பாடுகிற படத்துக்கு இன்னும் அனுமதி வரவில்லை என்று காவலாளி விளக்கம் சொன்னார்.

உறுப்பினர் செயலர் மூக்குக் கண்ணாடி போட்ட அமைதியான அம்மாள். பாட்டு வரிகளை வாங்கி, பட்ஜெட் வாசிக்கிற குரலில் வாசித்தார்.

“நாலு மாடி ஏறியும் நீ நின்ன எடத்துலதான் நிக்குற. நட்டு போல்ட்டு கழண்ட வாயால நாட்டுக்கே பாட்டு விக்குற.” கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, இது யாருடைய வாய் என்று கேட்டார்.

பம்பரம் தன்னுடையதுதான் என்றான்.

“சொன்னவர்?”

“இவர்தாங்க, என் மச்சான். ஆனா ‘விக்குற’ங்கற கடைசி வார்த்தை மட்டும் நான் சொல்வேன்.”

“உங்களை ஏசற வார்த்தையை உங்க வாயாலயே சொல்ல வைக்கிறாரா? எவ்வளவு காலமா நடக்குது இது?”

“எனக்குக் கல்யாணம் ஆனதுலேருந்துங்க,” என்றான் பம்பரம். பொய் சொல்லத் தெரியாதவன் அலுவலகத்துக்குப் போகக் கூடாது என்பது அவனுக்கு இன்னும் புரிந்திருக்கவில்லை.

செயலர் அவனை இரக்கத்தோடு பார்த்தார். தண்ணீர் வரவழைத்துக் கொடுத்தார். பிறகு அடுத்த பாட்டைப் புரட்டி, இவனும் சளைத்தவன் இல்லை என்பதைக் கண்டுகொண்டு, அந்த டம்ளரைக் கரடு பக்கம் நகர்த்தினார். ‘பிரேக்கு பிரேக்குன்னு கத்திக் கத்தியே பாதி வாய் தேஞ்சு போச்சு, பக்கத்து சீட்டுல உக்காந்ததே உனக்குப் பதவின்னு ஆச்சு’ என்று அதில் இருந்தது. இது பாட்டு, விளையாட்டு, இந்தக் கலையின் மரபு என்று கரடு தன் தேய்ந்த வாயால் எடுத்துச் சொன்னான். வாரியத்துக்கு வருகிற எல்லோரும் முதலில் அப்படித்தான் மறைக்கிறார்கள் என்று செயலர் பதில் சொன்னார். கூட்டுப் படைப்புக்கான விண்ணப்பம் அங்கேயே தகராறுப் பிரிவுக்கு மாற்றப்பட்டது. பம்பரம் முதல் தரப்பு, கரடு இரண்டாம் தரப்பு. சமரசம் ஏற்படும்வரை தரப்புகள் இரண்டும் நேருக்கு நேர் சந்திக்கவோ பேசவோ கூடாது. மீறினால் விண்ணப்பம் ரத்து.

“நாங்க ஒரே வீட்டுலதான் இருக்கோம்மா. அவர் மாடியில, நான் கீழ,” என்றான் பம்பரம்.

“அப்போ நிலைமை நாங்க நெனச்சதை விட மோசம்,” என்றார் செயலர்.

மறுநாளே கள ஆய்வாளர் வந்து சேர்ந்தார். மாடிப்படியைப் பார்த்ததும் அவர் முகம் வாடிவிட்டது. ஏறுகிறவனும் இறங்குகிறவனும் நடுவில் சந்தித்துக்கொள்ள எல்லா வசதியும் அதில் இருந்தது. கரடு இறங்கும்போது மணியடிக்க வேண்டும், பம்பரம் உடனே சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். தரப்புகள் ஏதாவது சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தால் நடுநிலையான ஒருவர் வழியாகச் சொல்லலாம். வீட்டில் நடுநிலையாக இருக்க வேறு ஆள் இல்லாததால் பம்பரத்தின் மனைவி தலையில் அது விழுந்தது.

அப்படியும் அவர்கள் ஒத்திகையை விடவில்லை. வேலையும் வீடும் போதாதென்று அவள் இப்போது ஏச்சுகளைச் சுமந்துகொண்டு படியேறி இறங்கினாள். ராகமும் இல்லை, தாளமும் இல்லை, துணி காய்ந்துவிட்டதா என்று கேட்கிற தொனியில் சொல்வாள்.

“அண்ணே, பக்கத்து சீட்டுல உக்காந்ததே உனக்குப் பதவியாம். கடைசி வார்த்தை நீ சொல்லணுமாம்.”

மேலேயிருந்து இருமல் கேட்கும். அப்புறம் அவள் கீழே வந்து, “ஆச்சுன்னு சொல்லிட்டான். சொல்லிட்டு ரொம்ப நேரம் இருமினான்,” என்பாள். இருமினான் என்பதைச் சொல்லும்போது மட்டும் அவள் நடுநிலை தவறிவிடும். பம்பரம் முகத்தைத் திருப்பிக்கொள்வான். தன் ஆசைக்காக ஒரு நோயாளியை இழுத்தடிக்கிறோமோ என்ற பயம் அவனை வேலையிடத்திலும் விடவில்லை. லிஃப்ட் கூண்டின் மேல் உட்கார்ந்து கேபிளுக்கு கிரீஸ் போடும்போதும் கால் ஆடிக்கொண்டே இருந்தது. மேஸ்திரி அவனைக் கீழே இறங்கச் சொல்லிவிட்டார்.

அடுத்த வருகையில் கள ஆய்வாளர், நடுநிலையாளர் முதல் தரப்புக்கு மனைவி, இரண்டாம் தரப்புக்குத் தங்கை என்ற உண்மையைக் கண்டுபிடித்தார். இவ்வளவு பெரிய சார்புநிலையை மறைத்ததற்காக அவளுக்கு எச்சரிக்கை கொடுத்தார். அன்றிலிருந்து வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை. வாரியம் அதை நல்ல முன்னேற்றம் என்று பதிவு செய்தது.

பிறகு நல்லுறவு அலுவலரிடம் அனுப்பினார்கள். அவர் எப்போதும் புன்னகை செய்கிறவர், கோபம் வந்தாலும் புன்னகைதான். இருவரையும் வெவ்வேறு நாளில் வரவழைத்து, பாராட்டுப் பயிற்சி கொடுத்தார். ஆல்பத்தின் வரிகளையும் அவரே திருத்தி வைத்திருந்தார். ‘பல மாடிகள் ஏறியும் தாங்கள் பணிவோடு நிற்கிறீர்கள், பழுதில்லாத வாயால் நாட்டுக்குப் பாட்டு அளிக்கிறீர்கள்.’ இதைப் பாடினால் உடனே முத்திரை கிடைக்குமா என்று பம்பரம் கேட்டான். கிடைக்காது, ஏனென்றால் ஒருவரை ஒருவர் புகழ்ந்து பாடுவது உள்நோக்கம் கொண்டதாகக் கருதப்படும், அதற்கு வேறு பிரிவு இருக்கிறது என்று அலுவலர் புன்னகை செய்தார்.

மாசம் முடிகிற நேரம் வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் படுக்கை சொல்லியாகிவிட்டது. அட்மிட் ஆவதற்கு முந்தின நாள்தான் இறுதி விசாரணை.

விசாரணை அறைக்குள் நுழைந்ததும் பம்பரம் வழக்கம்போல் அங்குமிங்கும் நடந்தான். நடந்தவன் நின்றுவிட்டான். தன் காலடிச் சத்தம் திரும்பி வரவில்லை. கையைத் தட்டிப் பார்த்தான், தட்டிய இடத்திலேயே சத்தம் அடங்கிற்று. தரையில் கனத்த கம்பளம், சுவரெல்லாம் மெத்தைத் துணி. ஒவ்வொரு தரப்புக்கும் முன்னால் ஒரு மைக். அப்படிப்பட்ட மைக்கை அவன் படத்தில்தான் பார்த்திருக்கிறான். ஓரத்தில் பெரிய கருவிக்குப் பின்னால் ஒலிப்பதிவாளர் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தார். தரப்புகளின் ஒரு முனகல்கூடத் தவறக் கூடாது என்பது வாரிய விதி. நாட்டிலேயே தலைசிறந்த ஒலிப்பதிவுக் கூடம் எது என்று யாராவது கேட்டால், பாட்டைத் தடுப்பதற்காகக் கட்டிய அந்த அறையைத்தான் காட்ட வேண்டும்.

கரடு எதிர்ப்பக்கம் வந்து உட்கார்ந்தான். மெலிந்திருந்தான். ஒரே வீட்டில் இருந்துகொண்டு மச்சான் இவ்வளவு இளைத்ததைப் பார்க்காமல் இருந்திருக்கிறோமே என்று பம்பரம் தன்னையே நொந்துகொண்டான். கரடு மைக்கைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான், பிறகு பம்பரத்தைப் பார்த்தான். அதற்கு மேல் பேசிக்கொள்ள ஒன்றும் இருக்கவில்லை.

வாரியத் தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

“இந்த வாரியத்துடைய சாதனையை நீங்க தெரிஞ்சுக்கணும். இது ஆரம்பிச்ச நாள்லேருந்து இன்னிக்கு வரைக்கும் சேர்ந்து பாடினதால ஒரு வழக்கு கிடையாது, ஒரு மனஸ்தாபம் கிடையாது. எப்படி முடிஞ்சுது? ஒரு ஜோடிக்குக்கூட நாங்க அனுமதி குடுத்ததில்ல. நான் பாட்டுக் கேக்கறதில்ல. கேட்டா நடுநிலை போயிடும். எனக்கு முன்னாடி இருந்தவர் கேட்டார், ஒரு தடவை தலையைக்கூட ஆட்டினார். அவரை மாத்திட்டாங்க.”

உறுப்பினர்கள் தலையை ஆட்டாமல் ஆமோதித்தார்கள்.

கரடு எழுந்து, தன் மனக்குறையை முழுவதும் சொல்லலாமா என்று பணிவாகக் கேட்டான். அது தரப்புகளின் உரிமை, இடையில் நிறுத்த வாரியத்துக்கே அதிகாரம் இல்லை என்றார் தலைவர். கொஞ்சம் சந்தத்தோடு வரும் என்றான் கரடு. தலைவர் செயலரைப் பார்த்தார். செயலர் விதிகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, சந்தத்துக்குத் தடை ஏதும் இல்லை என்றார்.

பம்பரம் மேஜையில் தாளம் போட்டான். கரடு மைக்கை நெருங்கி, ‘நாலு மாடி ஏறியும் நீ’ என்று தொடங்கினான்.

முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை பாடினார்கள். கரடின் குரல் அப்படி ஒருநாளும் வந்ததில்லை. உள்ளே இருக்கிற கட்டியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து கிளம்பி, கிழிகிற இடத்தில் கிழிந்து, மறுபடி ஒட்டிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு ஏச்சின் முடிவிலும் அவன் நிறுத்தினான், பம்பரம் முடித்துக் கொடுத்தான். பம்பரத்தின் முறை வந்தபோது கண்ணில் தண்ணீர் நிற்காமல் வந்தது, ஆனாலும் வேகத்தைக் குறைக்கவில்லை. ஒலிப்பதிவாளர் கையைக் காட்டி அவனைச் சற்றுப் பின்னால் நகரச் சொன்னார், நகர்ந்தான். ஓர் உறுப்பினரின் கால் தாளம் போட்டது. அவர் குனிந்து அதை அதிர்ச்சியோடு பார்த்து, இன்னொரு காலால் மிதித்துக்கொண்டார். கடைசிப் பாட்டு முடிந்து கரடு நாற்காலியில் சாய்ந்தபோது அவனுக்கு மூச்சு வாங்கியது, முகத்தில் சிரிப்பு இருந்தது. பாடி முடித்தாயிற்று. பம்பரத்துக்கு எழுந்து போய் அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. தரப்புகள் தொட்டுக்கொள்ளக் கூடாது.

வாரியம் உள்ளே போய்க் கலந்து பேசிவிட்டு வந்தது.

“இவ்வளவு ஆழமான பகையை நாங்க பார்த்ததே இல்ல,” என்றார் தலைவர். அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. “உங்களைச் சேர்ந்து பாட விட்டா என்ன நடக்கும்னு நெனச்சே பார்க்க முடியல.” அனுமதி நிரந்தரமாக மறுக்கப்பட்டது. பதிவு, வாரியத்தின் சொத்து. தகராறு முடிந்துவிட்டதால் தரப்புகள் இனிமேல் பேசிக்கொள்ளலாம்.

பம்பரம் ஒரு பிரதி கேட்டுக் கெஞ்சினான். பிரதி கிடையாது, ஆனால் தரப்புகள் இரண்டும் ஒன்றாக நேரில் வந்தால், குரலைச் சரிபார்த்துக்கொண்டு வாரியத்திலேயே உட்கார்ந்து கேட்கலாம், அதற்கு உரிமை உண்டு என்றார் செயலர். பம்பரத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மறுநாள் காலையில் கரடு ஆஸ்பத்திரிக்குப் போனான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆள் தேறினான், சாப்பிட்டான், உடம்பில் சதை போட்டது. அவன் தங்கை வேண்டிக்கொண்டதெல்லாம் பலித்தது. குரல் மட்டும் டாக்டர் சொன்ன மாதிரியே வரவில்லை. வந்தது வெறும் காற்று, டியூபில் முள் குத்தினால் வருமே அந்தக் காற்று. பக்கத்தில் போய்க் காதைக் கொடுத்தால் அதில் வார்த்தை இருப்பது தெரியும். பழகுகிறவன் பிரேக் போடாவிட்டால் இப்போது அவன் டாஷ்போர்டைத் தட்டினான்.

கரடு எதற்கும் அலட்டிக்கொள்கிறவன் இல்லை. ஒருநாள் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தபோது பம்பரத்தின் சட்டையைப் பிடித்து இழுத்துக் காதில் சொன்னான்.

“மாப்ள, என் குரல் எப்படி இருந்துச்சுன்னு எனக்கே மறந்துக்கிட்டு வருது. ஒரு தடவை கேட்டுட்டு வந்துடலாமா?”

பம்பரம் அப்போதே சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பினான்.

வாரியத்தில் பதிவு கேட்கிற அறையில் இருந்தவர் அதே ஒலிப்பதிவாளர்தான். இருவரையும் அடையாளம் கண்டுகொண்டவர்போல் லேசாகச் சிரித்தார். பம்பரத்துக்கு நம்பிக்கை வந்தது. சிரித்தாலும் விதி விதிதான், குரல் சரிபார்க்க வேண்டும் என்றார் அவர். முதல் தரப்பைப் பேசச் சொன்னார். பம்பரம் ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிப்பதற்குள்ளாகவே, போதும், சரியாக இருக்கிறது என்று கையமர்த்தினார். பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பதிவை ஓடவிட்டு, இரண்டாம் தரப்பைப் பேசச் சொன்னார்.

ஹெட்போனின் ஓரத்திலிருந்து மெல்லியதாக ஒரு சத்தம் கசிந்துகொண்டிருந்தது. சரளைக் கல்லில் டின் இழுபட்டுக்கொண்டிருந்தது. கரடு மேஜைமேல் கையை ஊன்றி, அந்த ஆளின் காதுக்குப் பக்கத்தில் தன் காதைக் கொண்டுபோனான். வாயைத் திறந்தபடி கேட்டான். பம்பரமும் அசையவில்லை.

“பேசுங்க,” என்றார் ஒலிப்பதிவாளர்.

கரடு தன் பெயரைச் சொன்னான். காற்று வந்தது. அவர் ஒருமுறை கேட்டார், கண்ணை மூடிக்கொண்டு இன்னொருமுறை கேட்டார். பிறகு பதிவை நிறுத்திவிட்டு, இது வேறு குரல் என்றார். பம்பரம் படபடவென்று ஆபரேஷனைப் பற்றிச் சொல்லி, டாக்டர் கொடுத்த சான்றிதழை எடுத்து நீட்டினான். அவர் அதை நிதானமாகப் படித்தார்.

“குரல் மாறிடுச்சுன்னுதான டாக்டரும் எழுதியிருக்கார். நானும் அதையேதான் சொல்றேன்.”

கரடு தோளைக் குலுக்கிச் சிரித்தான். சத்தம் வரவில்லை. ஒலிப்பதிவாளர் நல்ல மனுஷர், அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. எழுந்து வந்து, வெயிலில் நிற்க வைக்காமல் வராந்தாவில் இருந்த பெஞ்சைக் காட்டினார்.

“ரெண்டாம் தரப்பு வந்ததும் நானே கூப்பிடறேன். அது வரைக்கும் நீங்க ரெண்டு பேரும் இப்படி உக்காந்திருங்க.”

கரடு உட்கார்ந்தான். பம்பரமும் அவன் பக்கத்தில் உட்கார்ந்தான்.